யானைப் படம் நின்ற இடம்

யானைப் படத்தை வெளியே எடுத்த காலையில் எங்கள் பள்ளிப் பெண்களோடு நானும் அங்கே இருந்தேன். முதலில் இரண்டு ஆட்கள் வந்து தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. பிறகு நான்கு பேரானார்கள். படத்தின் தேக்குச் சட்டம் ஒரு மர மேடைமேல் ஊன்றி நின்றது. அதன் உச்சி, கூரைக்குக் கீழே கட்டியிருந்த வெள்ளைத் துணி விதானத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போயிருந்தது. அடிப்பக்கத்தைச் சுத்தியலால் இடமும் வலமுமாகத் தட்டினார்கள். மரத்தோடு மரம் உரசி ஒரு சத்தம் வந்தது. பாரம் ஏற்றிய வண்டியின் அச்சில் அதைக் கேட்டிருக்கிறேன். ஒரு கட்டடத்துக்குள் கேட்டதில்லை. படம் சாய்ந்ததும் துணியின் கிழிசல் வழியாகச் சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. வேடிக்கை பார்க்க உள்ளே ஓடிய என் மகளின் தலை வெளுத்துப்போயிற்று. மற்ற பெண்கள் அவளைக் கிழவி என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் தூளைத் தட்டிவிட்டேன்.

பூவிருந்தவல்லியிலிருந்து திருவேற்காடு போகும் சாலையில், மாந்தோப்புக்கு நடுவே இருந்த சித்திரசாலை அது. போர்க்காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சித்திரசாலைக்காரர்களும் தங்கள் படங்களை உள்நாட்டில் பத்திரமான ஓர் ஊருக்கு வண்டியேற்றினார்கள். கடைசியாகப் போனது கூடத்தின் நடுவே நின்ற யானைப் படம். அரசர் ஒருவர் யானைமேல் ஊர்வலம் வரும் காட்சி. இரண்டு ஆள் உயரம்.

படங்கள் போன இடத்துக்கு நாங்கள் வந்தோம். நான் உதவி ஆசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியின் கட்டடத்தைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தலைமையாசிரியை பல இடங்களில் கேட்டு அலுத்து, கடைசியில் சித்திரசாலைக் காரியதரிசியிடம் போய் நின்றார். அவர் பெரிய கூடத்தைச் சும்மாவே கொடுத்தார். அந்த உபகாரத்தை நாங்கள் யாரும் மறக்கவில்லை. மறக்கவும் அவர் விடவில்லை. மர மேடைமேல் கரும்பலகையை நிறுத்தினோம். என் மகளுக்குக் கண் பார்வை மங்கல் என்பதால் முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். துணிக் கிழிசலுக்கு நேர் கீழே அவள் இடம். எங்களுக்கு அவள் ஒரே பெண்.

சித்திரசாலைக்கு ஆண்டு விழா நெருங்கியது. படங்கள் இல்லாவிட்டாலும் விழா நிற்கக்கூடாது என்று காரியதரிசி நினைத்தார். சின்னதாக ஒரு புத்தகம் போட வேண்டும், கட்டடம் உருவான கதையை நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்கு இங்கிலீஷும் தெரியும், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து அறையின் பீரோச் சாவியைக் கொடுத்தார். அதுவரை அந்தப் பீரோவை யாரும் முழுக்கத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

உள்ளே சிவப்புத் துணியில் கட்டிய காகிதக் கட்டுகள். பூச்சி அரிக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டிலும் வேப்பிலையைச் செருகியிருந்தார்கள். அவிழ்த்தால் இலை பொடியாகி மடியில் உதிரும். பள்ளி விட்ட பிறகு மகளைப் பக்கத்தில் படிக்க வைத்துக்கொண்டு நான் அந்தக் கட்டுகளைப் பிரிப்பேன். முதல் சில நாட்கள் சந்தோஷமாகவே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். படித்த படிப்பு வீணாகவில்லை என்ற நினைப்பு.

வாசலில் ஒரு கல்வெட்டு உண்டு. நிறுவியவர் கலைக்காகவே இந்தக் கூடத்தை ஒரு தூண்கூட இல்லாமல் எழுப்பினார் என்று அதில் இருக்கும். வருகிறவர்களிடம் எல்லாரும் பெருமையாகக் காட்டுவது அதைத்தான். ஆனால் அடிக்கட்டில் கிடைத்த முதல் வரைபடத்தில் அது கூடமே அல்ல. குதிரை லாயம். ஓட்டுக் கூரை. நடுவில் வரிசையாகத் தூண்கள். காகிதம் மடிப்பில் விட்டுப்போயிருந்தாலும் தூண்கள் தெளிவாக இருந்தன, கருப்பு மையில், ஒவ்வொன்றும் ஒரு சதுரம்.

அடுத்த கட்டில் மிச்சக் கதை இருந்தது. நிறுவியவர் யானைப் படத்தை வாங்கி வந்தார். எங்கே நிறுத்தினாலும் ஒரு தூண் குறுக்கே வந்தது. அவர் மேஸ்திரிக்கு எழுதிய உத்தரவில், தூண்களை எடுத்துவிட்டுச் சுவருக்குச் சுவர் நீளமான தேக்கு உத்திரங்கள் போட வேண்டும், ஓடுகளை இறக்கிவிட்டு மேலே சுண்ணாம்புத் தளம் போட வேண்டும் என்று இருந்தது. படத்தின் கிரீடத்துக்கும் நடு உத்திரத்துக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விடவேண்டும் என்றும் எழுதியிருந்தார். கிரீடம் என்பது சட்டத்தின் உச்சியில் இருந்த மரச் செதுக்கு.

லாயத்தின் உருவம் தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். "உன் பொண்ணு குதிரை கட்டின இடத்துலதான் கணக்குப் போடறாளா" என்று அவரும் சிரித்தார்.

அதன் பிறகுதான் மராமத்துக் கட்டுகளுக்கு வந்தேன். அவற்றைப் படிக்கவே மனமில்லை; விழாப் புத்தகத்தில் யார் ஒழுகல் கதையைக் கேட்கப் போகிறார்கள். ஆனாலும் புரட்டினேன். ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஒரு மேஸ்திரியின் குறிப்பு: தளத்தின் நடுவில் தண்ணீர் தேங்கி ஒழுகுகிறது, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டுத் தட்டி, சரிவு சரிசெய்யப்பட்டது. சில வருடம் கழித்து வேறு மேஸ்திரி, வேறு மை. நடுவில் தண்ணீர் தேங்குகிறது, சரிவு சரிசெய்யப்பட்டது. மறுபடியும். மறுபடியும். எல்லாரும் ஒழுங்கான வேலைக்காரர்கள். குழியை நிரப்பினார்கள், தண்ணீர் ஓடியது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். முன்னால் போட்டதை யாரும் பெயர்த்து எடுக்கவில்லை. ஒருவர் குறிப்பை இன்னொருவர் பார்த்திருக்க நியாயமும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டில் வேப்பிலையோடு தூங்கியது.

எனக்கு அப்போதும் முழுதாக உறைக்கவில்லை. உறைத்தது ஒரு தச்சன் கணக்கைப் பார்த்தபோது. யானைப் படத்தின் கிரீடத்தைச் செதுக்கிக் குறைத்ததற்குக் கூலி என்று இருந்தது. எதற்காக என்று இல்லை. இன்னொரு கட்டில் அதே வேலைக்கு இன்னொரு கணக்கு.

தோட்டத்தில் இருந்த காவல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வெகு காலமாக அங்கேயே இருப்பவர், எதையும் கேலியாகவே சொல்வார்.

"அந்தப் படம் வளந்துகினே கீது டீச்சரம்மா," என்றார். "மேல போய் முட்டிக்கும். ரெண்டு தபா வெட்டினாங்க. அப்புறம் விட்டுட்டாங்க. யானை இல்ல? வளராம இன்னா பண்ணும்."

நான் சிரிக்கவில்லை. படம் வளரவில்லை, உத்திரம் இறங்கியிருக்கிறது. நாலு விரல் இடைவெளியைத் தின்று, கிரீடத்தைத் தின்று, கடைசியில் சட்டத்தின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. தளத்தின் நடுவில் தண்ணீர் தேங்கியது தளம் தேய்ந்ததால் அல்ல. வளைந்த உத்திரத்தின்மேல் அந்த வளைவையே நிரப்பி நிரப்பி, பலவீனமான இடத்தில்தான் அதிகப் பாரத்தை ஏற்றியிருக்கிறார்கள். இத்தனை வருடமாகக் கூரையைத் தாங்கி நின்றது யானைப் படத்தின் சட்டம். அதைத்தான் என் கண்ணெதிரே சுத்தியலால் தட்டி எடுத்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு அப்போது திரும்பக் கேட்டது.

அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கூடத்தில் யாரும் இல்லை. கிழிசலுக்கு மேலே இருட்டாக இருந்தது. அதன் இருபுறமும் துணி பை போலத் தொங்கியது. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று துணியைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

வெளியே சித்தாள்கள் கூடை கூடையாக மணல் சுமந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். தீக்குண்டு விழுந்தால் பற்றாமல் இருக்க, பெரிய கட்டடங்களின் மேல் மணல் பரப்பச் சொல்லி உத்தரவு. கூவத்திலிருந்து வண்டி வண்டியாக மணல் வந்து இறங்கியிருந்தது. அம்பத்தூரிலிருந்து வந்த மேஸ்திரியிடம் போய், மேலே எவ்வளவு பரப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன். முழங்கால் அளவு என்று பெருமையாகச் சொன்னார். மழை வந்தால் என்ன ஆகும் என்றேன்.

"மழை பெஞ்சா இன்னும் நல்லதும்மா," என்றார். "மண்ணு நல்லா குந்திக்கும்."

மறுநாள் காகிதங்களை எடுத்துக்கொண்டு காரியதரிசியின் வீட்டுக்குப் போனேன். கூச்சமாக இருந்தது. அவர் மரியாதையாக உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். லாயம் என்ற இடத்தில் அவர் முகம் மாறியது. மற்றதை அவர் காதில் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. நான் முடித்ததும் வரைபடத்தை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"படம்தான் கூரையைத் தாங்குச்சுன்னு புத்தகத்துல எழுதப்போறீங்களா?" என்று கேட்டார். "எங்களைப் பார்த்து ஊர் சிரிக்கணுமா? நான் உங்களைக் கட்டடத்தோட கதையை எழுதச் சொன்னேன்மா. அதுக்கு ஜாதகம் கணிக்கச் சொல்லல."

மணலைக் கீழே இறக்கினால் சர்க்கார் உத்தரவை மீறியதாகும் என்றார். அது உண்மைதான். பயமாக இருந்தால் பள்ளியை வேறு இடத்துக்குத் தாராளமாக அழைத்துப் போகலாம், தனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். வேறு இடம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைமையாசிரியையிடம் சொன்னேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளியை மூடினால் பாதிப் பெண்களைப் பெற்றவர்கள் திரும்ப அனுப்ப மாட்டார்கள், வீட்டிலேயே நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். விழா முடியட்டும், பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கு என் வகுப்பைக் கூடத்தின் ஓரமாக, சுவரை ஒட்டி உட்கார வைத்தேன். நடுவில் வேறு வகுப்புப் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. ஐப்பசி மழை, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாத மழை. கணவர் ஆவடியில் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் குமாஸ்தா. சேக்காட்டுப் பக்கம் சாலையெல்லாம் தண்ணீர் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். தலையைத் துவட்டக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நனைந்த மணல் என்ன கனம் கனக்கும் என்று அவருக்குத் தெரியும். சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நாளையிலிருந்து பொண்ணை அனுப்பாதே. ஜுரம்னு சொல்லிடு."

"மத்த பொண்ணுங்க?"

"ஊருல இருக்கிற எல்லாப் பொண்ணுங்களுக்குமா ஜுரம் வரும்?" என்று எரிந்து விழுந்தார்.

நான் மடியில் வைத்திருந்த காகிதக் கட்டைப் பார்த்தேன். அதிலிருந்து வேப்பிலைத் தூள் பாயில் உதிர்ந்திருந்தது. எல்லாப் பெண்களையும் வீட்டில் நிறுத்தக்கூடிய ஒன்று எனக்கு அப்போது தோன்றிவிட்டது.  அவரிடம் சொன்னேன்.

"அதை மட்டும் வாயால சொல்லாதே," என்றார்.

எங்கள் பக்கத்தில் அம்மை என்ற சொல்லைச் சும்மா சொல்லமாட்டார்கள். வீட்டில் அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் யாரும் படியேறமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் விடும் வரை அந்த வீட்டுக்காரர்களும் எங்கும் போகமாட்டார்கள். என் தங்கையை அம்மையில்தான் பறிகொடுத்தோம். அவளைக் கிடத்தியிருந்த வாழையிலையின் வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த நோயை, நன்றாக இருக்கிற என் ஒரே பெண்ணின் பெயரில், என் வாயால் அழைத்துக்கொள்ளப் போகிறேன். படித்தவள், இதெல்லாம் கிருமியால் வருவது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் படுக்குமுன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

விடிந்ததும் மழையிலேயே கிணற்றடி வேம்பில் ஒரு கொத்து ஒடித்து வாசலில் செருகினேன். பால்காரம்மாள் வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, செம்பைக் கீழேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பள்ளி மணி அடிப்பதற்குள் செய்தி திருவேற்காடு வரை போய்விட்டது. முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு அம்மை என்றதும் ஒருவரும் பிள்ளையை அனுப்பவில்லை. தலைமையாசிரியை பள்ளியை மூடினார். கூடத்தின் கதவில் காவல்காரர் தாமாகவே வேப்பிலை கட்டினாராம். காரியதரிசி குடையோடு வந்து அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டவர், அந்த இலையைத் தொடவில்லை.

உள் அறையில் மகள் நன்றாக இருந்தாள். அதுதான் சங்கடம். வெளியே வரக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது, கேட்டால் அம்மை என்று சொல்ல வேண்டும் என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று நீதானே சொன்னாய் என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் அவள் முதுகை, கழுத்தை, முழங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கொசுக்கடி தடித்திருந்தாலும் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன்.

மழை விடவில்லை. கூரை விழவுமில்லை. கணவர் முகத்தில் ஒரு கேள்வி வர ஆரம்பித்தது. என் மனத்திலும் வந்தது. எத்தனை நாள் இந்தப் பொய்யைக் காப்பாற்றுவது, தலைக்குத் தண்ணீர் விட்டதும் எல்லாரும் திரும்பப் போய் அதே பெஞ்சில்தானே உட்காருவார்கள்.

ஒரு முற்பகல், வகுப்பு நடக்கிற நேரம், காவல்காரர் தெருவில் நின்று கூப்பிட்டார். வேப்பிலையைப் பார்த்து அவர் கிட்டே வரவில்லை. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார். அவர் பேச்சில் கேலி இல்லாததை அன்றுதான் கேட்டேன்.

"டீச்சரம்மா, மேல இருந்தது அத்தனையும் கீழ வந்துட்ச்சி. நடுவால. பெஞ்சியெல்லாம் அப்பளமாட்டம் கீது." கொஞ்சம் நிறுத்தி, "புள்ளைங்க யாரும் இல்ல. அம்மா காப்பாத்திட்டா," என்று சொல்லி எங்கள் வாசல் வேப்பிலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய் மகளை இறுக்கிப் பிடித்தேன். 

தலைக்குத் தண்ணீர் விட்டதாகச் சொல்லி வாசல் வேப்பிலையை எடுத்த பிறகு பெண்களின் தாய்மார்கள் வந்தார்கள். என் மகள்மேல் அம்மன் இறங்கித்தான் தங்கள் பிள்ளைகளைக் காத்தாள் என்று அவளுக்கு மஞ்சள் பூசி, வளையல் போட்டுவிட்டார்கள். திருவேற்காட்டில் கூழ் வார்த்தார்கள். ஒரு தாய் அவள் காலைத் தொட்டாள். மகள் காலை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? சொன்னால், அம்மனின் பெயரை வைத்து விளையாடினேன் என்பார்கள். சொல்லாததால் காரியதரிசியின் புதிய காகிதக் கட்டில் கடும் மழையால் கூரை விழுந்தது என்று ஒரே வரி ஏறியது. லாயத்தின் வரைபடத்தை நான் மறுபடி பார்க்கவில்லை. கேட்டபோது எந்த வரைபடம் என்றார்.

போர் முடிந்தது. பட்டாளத்து வண்டிகள் குறைந்துவிட்டன. எங்கள் பள்ளிக்குப் பழைய கட்டடம் திரும்பக் கிடைத்தது. வெள்ளைக்காரன் எப்போது போவான் என்று ஊரெல்லாம் பேசுகிற நாட்களில் இதை எழுதுகிறேன். சித்திரசாலைக் கூடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், பழையபடியே, ஒரு தூண்கூட இல்லாமல். உத்திரத்துக்குப் பதில் பழைய தண்டவாள இரும்பு. வெள்ளைத் துணி விதானமும் வந்துவிட்டது. யானைப் படம் திரும்பி வந்து, கிரீடம் இல்லாத உச்சியோடு அதே மேடையில் நிற்கிறது.

நான் மட்டும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அங்கே போகிறேன். காவல்காரர் ஒன்றும் கேட்காமல் ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொள்கிறார். துணிக்கு மேலே கையை விட்டு, சட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் விரல்களை நுழைத்துப் பார்ப்பேன். முதல் வருடம் நாலு விரலும் தாராளமாகப் போயின. இரும்பு வளையாது என்று கணவர் சொல்கிறார். மேஸ்திரியும் அதையேதான் சொல்கிறார். போன வாரம் போனபோது மூன்று விரல் போனது. நாலாவதை நுழைக்கச் சுண்டுவிரலை மடக்கித் திருப்ப வேண்டியிருந்தது. என் விரல்தான் வயதில் தடித்துவிட்டதோ என்னவோ. காவல்காரர் கீழேயிருந்து, "இன்னா டீச்சரம்மா, பூந்துச்சா?" என்று கேட்டார். பூந்தது என்றேன். பிறகு தயங்கித் தயங்கி, மாடியில் நடுவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, அடுத்த வாரம் ஆள் வந்து ஜல்லி போட்டுச் சரி பண்ணப் போகிறார்கள் என்றார்.

வரும் சனிக்கிழமை அந்தக் கூடத்தில் பெண்கள் பாட்டுக் கச்சேரி. மகளும் பாடுகிறாள். பாவாடை தாவணி எடுத்து மடித்து வைத்திருந்தாள். நேற்று சாப்பிடும்போது, போகாமல் இருந்தால் என்ன என்று மெல்ல ஆரம்பித்தேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். என் முகத்தையும், ஜன்னலுக்கு வெளியே கிணற்றடி வேம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள்:

"இந்தத் தடவையும் எனக்கு அம்மையாம்மா?"